அது கிடந்த இடம் எது?

வாசகர் கேள்வி பதில்

முப்பத்தொரு ஆண்டுகள் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்தேன். கோடை விடுமுறை வந்தால் வீட்டில் இருந்ததில்லை. அகழாய்வுக் குழியிலோ, ஏதாவது ஒரு கோயில் பிராகாரத்தில் கல்வெட்டைப் படியெடுக்கும் மைப்படித் தாளோடோதான் இருப்பேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தன: பழங்காலத்தைப் பற்றி எழுதுகிறார்களே, அதெல்லாம் எப்படித் தெரிந்தது? அவசரமான கடிதத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

தோட்டத்தில் பாதை சரிசெய்யும்போது ஜேசிபி பல்லில் ஒரு பெரிய பானையின் வாய் தட்டியது. பக்கத்திலேயே சின்னச் சின்னச் சட்டிகள். நாலைந்தை எடுத்து வீட்டில் வைத்திருக்கிறேன். யாரிடம் சொல்ல வேண்டும்? சொன்னால் நிலம் போய்விடுமா?
– ஒரு விவசாயி, விருதுநகர் மாவட்டம்

ஐயா, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது முதுமக்கள் தாழி. இறந்தவரை, அல்லது அவருடைய எலும்புகளைப் பெரிய தாழியில் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். சின்னச் சட்டிகள் அவருக்காக வைத்த படையல் கலங்கள். தயவுசெய்து தாழியைத் தொடாதீர்கள். தென்னங்கீற்று ஒன்றைப் போட்டு மூடி, மண் தள்ளி வையுங்கள். எடுத்துவிட்ட சட்டிகளைக் கழுவவே கழுவாதீர்கள். உள்ளே ஒட்டியிருக்கும் மண்ணையும் கொட்டாதீர்கள். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் ஒரு தாழிக்குள் மண்ணோடு மண்ணாக இருந்த நெல்லை எடுத்துச் சோதித்துத்தான் கி.மு. 1155 என்று காலம் சொன்னார்கள். அந்த மண்ணை யாராவது வாய்க்காலில் அலசியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். ஒரு தாளில் படம் போடுங்கள். கிணற்றிலிருந்து எத்தனை அடி, வேப்பமரத்திலிருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம், எந்தச் சட்டி தாழிக்கு எந்தப் பக்கம் இருந்தது, நிமிர்ந்திருந்ததா கவிழ்ந்திருந்ததா, எல்லாவற்றையும் எழுதுங்கள். ஜேசிபி ஓட்டிய தம்பியையும் கேளுங்கள், அவருக்கு நினைவிருக்கும். பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் போக வேண்டும். மாவட்ட அருங்காட்சியகக் காப்பாட்சியரிடமும் நேரில் போய்ச் சொல்லலாம்.

நிலத்தைப் பற்றிய பயம் எல்லோருக்கும் இருக்கிறது. இந்தப் பயத்தால்தான் பல ஊர்களில் இரவோடு இரவாக உடைத்து மூடிவிடுகிறார்கள். பானை கிடைத்தது என்பதற்காக யாரும் மறுநாளே நிலத்தை எடுத்துக்கொள்வதில்லை. கீழடியில் பல குழிகள் தனியார் தென்னந்தோப்புகளில்தான் தோண்டப்பட்டன. நிலத்துக்காரர்களிடம் கேட்டு, தோண்டி, பதிவு செய்து, பல குழிகளைத் திரும்ப மூடியும் கொடுத்தார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன்னால் ஒருவர் என்னிடம் கைக்குட்டையில் முடிந்து சூதுபவளம் என்ற செந்நிறக் கல்லில் செய்த மணிகள் கொண்டுவந்தார். கழுவித் துடைத்து அத்தனை அழகாக வைத்திருந்தார். 'இது கிடந்த இடம் எது?' என்றேன். 'மூணு தாழி இருந்துச்சு, ஏதோ ஒண்ணுல' என்றார். தாழிகளை உடைத்துச் சில்லுகளைக் கரையில் போட்டுவிட்டார்களாம். அந்த மணிகளைப் போட்டிருந்தது பெரியவரா குழந்தையா? கழுத்தில் இருந்ததா, சட்டிக்குள் இருந்ததா? கூட இரும்பு இருந்ததா? எதுவுமே தெரியாது. மணி என் உள்ளங்கையில் இருந்தது, ஆனால் அதைப் பற்றி என்னால் ஒரு வரி எழுத முடியவில்லை. அந்த நாளை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. உங்கள் தோட்டத்துத் தாழிக்கு அப்படி நடக்கக் கூடாது.

பழைய ஊரெல்லாம் ஏன் மண்ணுக்கு அடியில் இருக்கிறது? நம் வீடு மட்டும் புதையவில்லையே?
– ஏழாம் வகுப்பு மாணவி, அருப்புக்கோட்டை

நல்ல கேள்வி, கண்ணு. நம் வீடும் புதைந்துகொண்டுதான் இருக்கிறது.

என் ஆச்சி வீட்டுக்குள் போக, நான் சிறுமியாக இருந்தபோது தெருவிலிருந்து இரண்டு படி ஏற வேண்டும். அப்புறம் தார் ரோடு போட்டார்கள். அதன்மேல் இன்னொரு ரோடு, அதன்மேல் சிமென்ட். கடைசியாகப் போனபோது தெருவிலிருந்து ஒரு படி இறங்கி உள்ளே போனேன். ஒரு ஆயுசுக்குள் மூன்று படி உயரம். இரண்டாயிரம் ஆண்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்!

பழைய வீடுகள் மண் சுவர். மழையில் கரைந்து விழுந்தால் அள்ளி வெளியே கொட்ட மாட்டார்கள், அதையே சமப்படுத்தி மேலே இன்னொரு வீடு கட்டுவார்கள். அடுப்புச் சாம்பல், உடைந்த சட்டி, மாட்டுத் தொழுவக் குப்பை எல்லாம் சேரும். ஆள் குடியிருந்த இடம் மெல்ல மெல்ல உயரும். அதனால்தான் பழைய இடங்களின் பெயரில் மேடும் திடலும் இருக்கின்றன. அரிக்கமேட்டைப் பார். கீழடியில் தோண்டிய இடத்துக்குப் பள்ளிச்சந்தைத் திடல் என்று பெயர். ஊர் கைவிடப்பட்ட பிறகு ஆற்று வண்டலும் காற்றில் வரும் புழுதியும் மீதியை மூடிவிடும்.

குழி தோண்டியதும் பக்கச் சுவரைப் பார்த்தால் பட்டை பட்டையாக நிறம் மாறும். சாம்பல் நிறம், செம்மண், கருப்பு என்று வரும். அடியில் இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது. ஆனால் எலி வளை, மரவேர், பிறகு வந்தவர்கள் தோண்டிச் சுடுமண் உறை இறக்கிய உறைகிணறு இவையெல்லாம் மேலே இருந்ததைக் கீழே கொண்டுபோய்விடும். ஒருமுறை இரண்டாயிரம் ஆண்டுப் பழைய அடுக்கில் ஒரு பிளாஸ்டிக் பொத்தான் கிடைத்தது. எலி இழுத்துப் போனது. அந்த வளையின் தடத்தைச் சுவரில் கண்டுபிடித்த பிறகுதான் எங்களுக்கு நிம்மதி வந்தது. அதனால் பொருளைப் பார்ப்பதற்கு முன் சுவரைப் பார்க்க வேண்டும்.

கீழடி கி.மு. 580 என்கிறார்கள். 579 இல்லை, 581 இல்லை, சரியாக 580 என்று எப்படிச் சொல்ல முடிகிறது?
– வங்கி ஊழியர், திருப்பூர்

நீங்கள் சந்தேகப்படுவது சரிதான். முதலில் கணக்கைச் சொல்கிறேன்.

உயிரோடு இருக்கும் மரம், நெல், மாடு, மனிதன் எல்லாவற்றிலும் கரிமம் இருக்கிறது. அதில் மிகச் சிறு பங்கு கதிரியக்கக் கரிமம், கார்பன்-14 என்பது. உயிர் இருக்கும்வரை அது புதிதாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். இறந்ததும் வரவு நின்றுவிடும், செலவு மட்டும் நடக்கும். 5,730 ஆண்டில் பாதியாகும். இன்னொரு 5,730 ஆண்டில் அந்தப் பாதியிலும் பாதி. மிச்சத்தை அளந்தால் வரவு எப்போது நின்றது என்று தெரியும். அமெரிக்காவின் வில்லர்ட் லிப்பி 1949-இல் இதைச் செய்துகாட்டினார், 1960-இல் நோபல் பரிசு பெற்றார். அன்றைக்குக் கைப்பிடிக் கரி வேண்டியிருந்தது. இப்போது துகள் முடுக்கி என்ற கருவியை வைத்து அணுக்களையே எண்ணிவிடுவதால் ஒரு நெல்மணி போதும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. காற்றில் இந்தக் கரிமத்தின் அளவு எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இருக்கவில்லை. அதனால் ஆண்டு வளையம் எண்ணி வயது தெரிந்த மரங்களை அளந்து ஒரு திருத்த வளைகோடு போட்டிருக்கிறார்கள். ஆய்வகம் தரும் எண்ணை அதில் வைத்துத்தான் கி.மு., கி.பி. ஆண்டாக மாற்ற வேண்டும். நம் துரதிர்ஷ்டம், கி.மு. 800 முதல் 400 வரைக்கும் அந்தக் கோடு பெரும்பாலும் தட்டையாகக் கிடக்கிறது. அந்த நானூறு ஆண்டுக்குள் எந்த ஆண்டுக் கரியைக் கொடுத்தாலும் விடை கிட்டத்தட்ட ஒன்றுபோல வரும். நம் சங்ககாலத்தின் தொடக்கத்தைத் தேடுகிற எல்லோரும் இந்தத் தட்டை நிலத்தில்தான் நடக்கிறோம். 2018-இல் கீழடியில் எடுத்த மாதிரிகளில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த ஒன்றுக்குத்தான் கி.மு. 580 என்று வந்தது. அதை ஒரு நாள் காலண்டர் தாள்போலப் படிக்கக் கூடாது. கி.மு. ஆறாம் நூற்றாண்டை ஒட்டி என்று படியுங்கள்.

அப்புறம், அந்த எண்ணைத் தாங்கிப் பிடிப்பது அதைச் சுற்றியிருந்த மற்றவைதான். அனுப்பிய ஆறு மாதிரிகளும் கி.மு. ஆறிலிருந்து மூன்றாம் நூற்றாண்டு வரைக்குள் வந்தன. கருப்பு-சிவப்புப் பானைகள், குறியீடுகள் கீறிய ஓடுகள், தமிழி (தமிழ்-பிராமி) எழுத்தில் 'ஆதன்' என்று பெயர் பொறித்த ஓடுகள் எந்த அடுக்கில் இருந்தன என்பதும் பதிவாகியிருக்கிறது. தனியாக ஒரு கரித்துண்டு மட்டும் என்றால் நான் நம்பத் தயங்குவேன். கரி என்பது விறகு. நூறு வயது மரத்தின் நடுவயிரம் எரிந்திருந்தால், அடுப்பு மூட்டிய நாளைவிட நூறு ஆண்டு பழசாகக் காட்டும். அதனால் எனக்கு நெல் மேல் ஆசை அதிகம். நெல் ஒரு பருவத்துப் பயிர், அது அறுத்த ஆண்டையே சொல்லும். பழனி பக்கம் பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் ஒரு ஈமக்குழியில் ஜாடி நிறைய நெல்லை எடுத்தார்கள், ஏறக்குறைய இரண்டு கிலோ. காலம் கி.மு. 490 என்று வந்தது. அதே குழியில் தமிழி எழுத்துப் பொறித்த பானைத் தாங்கி ஒன்றும் இருந்தது. நெல்லும் எழுத்தும் ஒரே குழியில். அதுவும் அந்தத் தட்டைக் காலத்துக்குள்தான் விழுகிறது, அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த இரவு நான் தூங்கவில்லை.

இந்தக் கரிமக் கணக்கு வருவதற்கு முன்பு எப்படிக் காலம் சொன்னார்கள்?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கடலூர்

வயது தெரிந்த ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டுதான், ஐயா. உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது, அரிக்கமேடு.

தொல்லியல் துறைக்குத் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர் 1944-இல் சென்னை அருங்காட்சியகத்தில் ஒரு அலமாரியைத் திறந்தபோது கையில் தட்டியது மத்தியதரைக் கடல் பக்கத்து மதுச்சாடியின் கழுத்தும் பிடியும். புதுச்சேரி அருகிலிருந்து வந்தது என்று தெரிந்ததும் அங்கே போனார், 1945-இல் தோண்டினார். இத்தாலியில் அரெஸ்ஸோ நகரத்தில் செய்த பளபளப்பான சிவப்புக் கிண்ணங்களின் உடைசல்கள் கிடைத்தன. அந்தக் கிண்ணங்களின் வயது ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரியும். கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில் அவை வழக்கொழிந்துவிட்டன. ஆகவே அதே அடுக்கில் கிடந்த நம் பானைகளும் அந்தக் காலத்தவை. தென்னிந்திய மண்ணுக்கு அன்றைக்குத்தான் ஒரு கடிகாரம் மாட்டப்பட்டது.

வட்டமாகச் சிறு சிறு புள்ளி வரிகள் ஓடும் ஒருவகைத் தட்டு அந்த அடுக்குகளில் நிறைய இருந்தது. எந்த ஊரில் அந்தத் தட்டு கிடைத்தாலும் கி.பி. முதல் நூற்றாண்டு என்று பல காலம் எழுதிவந்தோம். நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். பிறகு தொல்லியலாளர் விமலா பெக்லி 1989 முதல் 1992 வரை அரிக்கமேட்டில் மறுபடி தோண்டியபோது, அந்தத் தட்டு ரோமானியக் கிண்ணங்களுக்கு வெகு முன்பே, கி.மு. நூற்றாண்டுகளிலேயே தொடங்கிவிட்டது தெரிந்தது. கடிகாரத்தைத் திருத்தி வைத்தோம். என் பழைய மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தப் பாடத்தில் அந்த வரியைத் திருத்திக்கொள்ளவும்.

கல் ஆயுதம் என்று அருங்காட்சியகத்தில் வைத்திருப்பதெல்லாம் சாதாரணக் கல் மாதிரியே இருக்கிறதே? அதை மனிதன் செய்தான் என்று எப்படித் தெரியும்?
– கல்லூரி மாணவர், திருவள்ளூர்

தம்பி, நீங்கள் இருக்கும் மாவட்டத்திலேயே பூண்டியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே போய்க் கைக்கோடரியைப் பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி நின்று பாருங்கள்.

கல்லை ஓங்கி அடித்துச் செதில் பெயர்த்தால், அடி விழுந்த இடத்துக்குக் கீழே செதிலில் ஒரு சிறு புடைப்பு வரும். அங்கிருந்து குளத்தில் கல் போட்டதுபோல அலை அலையாக வரிகள் பரவும். தாய்க் கல்லில் அதற்கு நேராகக் குழிவு விழும். ஆற்றில் உருண்டு மோதும் கல்லிலும் ஓரிரண்டு செதில் போகலாம். ஆனால் இரண்டு முகத்திலும் மாற்றி மாற்றி இருபது, முப்பது செதில் பெயர்ந்து, ஓரமெல்லாம் கூராகி, ஒரு நுனி கூர்மையாகவும் மறு நுனி உள்ளங்கைக்கு அடக்கமாகவும் அமையாது. அதே வடிவம் ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கில் கிடைக்கும்போது கேள்விக்கே இடமில்லை. நான் செய்து பார்த்திருக்கிறேன். கூழாங்கல்லை வைத்து ஒரு குவார்ட்சைட் கல்லைச் செதுக்க முயன்று, ஒரு காலைப்பொழுதில் இரண்டு விரல் நசுங்கியது, ஓரம் வரவில்லை. எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் அடித்தால் எப்படிப் பெயரும் என்று முன்கூட்டியே மனத்தில் பார்க்கத் தெரிந்தவர்களின் வேலை அது.

1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் பூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் அப்படியொரு கல்லை எடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலையாற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்தச் சரளையில் நடந்தவர்கள் அவருக்கு முன்னும் ஆயிரக்கணக்கில் இருந்திருப்பார்கள். பிரான்சின் சோம் ஆற்றங்கரையில் கிடைத்த கற்கோடரிகள் மனிதன் செய்தவைதாம் என்று ஐரோப்பிய அறிஞர்கள் 1859-இல் ஒப்புக்கொண்ட செய்தி அவருக்குத் தெரியும். தெரிந்திருந்ததால் கண்ணில் பட்டது.

வயதை எப்படிக் கண்டார்கள்? அங்கே கரிமக் கணக்கு உதவாது, ஐம்பதாயிரம் ஆண்டுக்கு மேல் அதில் அளக்க ஒன்றும் மிஞ்சாது. கல் தரைமேல் கிடக்கும்போது விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் அதிலுள்ள குவார்ட்ஸில் இரண்டுவகை அணுக்களை உண்டாக்குகின்றன, அலுமினியம்-26, பெரிலியம்-10. கல் ஆழமாகப் புதைந்தால் அந்த வரவு நிற்கும். அலுமினியம் வேகமாக அழியும், பெரிலியம் மெதுவாக அழியும். இரண்டுக்கும் உள்ள விகிதம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்தால் புதைந்து எத்தனை காலம் என்று வந்துவிடும். தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அத்திரம்பாக்கத்தில் 1999-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் தோண்டி, இந்த முறையோடு மண்ணில் பதிந்த பழைய காந்தத் திசையையும் சேர்த்துப் பார்த்து, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள்: ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகள்.

இந்தச் செய்தி வரும்போதெல்லாம் 'முதல் தமிழன்' என்று தலைப்புப் போடுகிறார்கள். வேண்டாமே. இந்த அகழாய்வில் மனித எலும்பு கிடைக்கவில்லை. 15 லட்சம் ஆண்டுக்கு முன் நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸே உலகில் இல்லை. அந்தக் கையின் வேலையை நாம் மதிப்பதற்கு அது நம் மொழி பேசியிருக்க வேண்டும் என்ற அவசியமில்லை.

தமிழ்நாட்டில் கி.மு. 3345-இலேயே இரும்பு இருந்தது என்கிறார்களே, நீங்கள் நம்புகிறீர்களா?
– வாசகி, ஓசூர்

2025 ஜனவரியில் அறிவித்த சிவகளை முடிவு அது. உங்கள் மாவட்டத்து மயிலாடும்பாறையில் கி.மு. 2172 என்று வந்தபோதே உலகம் திரும்பிப் பார்த்தது. இரும்பை நேராகச் சோதித்துக் காலம் சொல்வது கடினம். கூடக் கிடந்த கரியையும் பானை ஓட்டையும் வைத்துத்தான் சொல்கிறோம். ஆகவே இரும்பும் கரியும் ஒரே நேரத்தில் அங்கே வைக்கப்பட்டவையா என்பதே கேள்வி. மாதிரிகளை ஒரே இடத்தில் கொடுக்காமல் வேறுவேறு ஆய்வகங்களுக்கு அனுப்பியதை வரவேற்கிறேன். அதே காலத்து உலைக்களம், கசடு, ஊதுகுழாய் இவற்றோடு இன்னும் நாலு ஊர்களில் கிடைக்கும் நாளுக்காகக் காத்திருக்கிறேன். கிடைத்தால் என்னைவிட மகிழ்பவர் இருக்க மாட்டார்.

எங்கள் ஊர் சிவன் கோயில் சுவரெல்லாம் எழுத்து. கும்பாபிஷேகத்துக்காகச் சுத்தம் செய்யப் போகிறார்கள். இந்த எழுத்தில் அப்படி என்ன இருக்கிறது?
– இளைஞர், திருவாரூர் மாவட்டம்

தம்பி, இன்றைக்கே போய்த் தடுத்து நிறுத்துங்கள். எதை வைத்துச் சுத்தம் செய்யப் போகிறார்கள் என்று கேளுங்கள். தண்ணீரும் மென்மையான பிரஷும் என்றால் சரி. மணலைப் பீய்ச்சி அடிக்கும் இயந்திரம் என்றால் விடவே விடாதீர்கள். நான் போன ஒரு ஊரில் அதைத்தான் செய்திருந்தார்கள். தெற்குச் சுவர் முழுக்கக் கல் பளபளவென்று புதிதாக இருந்தது, ஒரு எழுத்து இல்லை. அந்தச் சுவரில் நிலக்கொடை பற்றிய கல்வெட்டு இருந்தது என்பதே நூறு ஆண்டுக்கு முந்தைய அரசு ஆண்டறிக்கையில் இரண்டு வரிச் சுருக்கமாக இருப்பதால் தெரிகிறது. கொடுத்தவர் பெயர், நிலத்தின் எல்லை, சாட்சிகள் எல்லாம் மணலோடு போய்விட்டன.

மைப்படி எப்படி எடுப்பது என்று சொல்கிறேன். சுவரை நீரால் கழுவி, ஈரமான தாளை ஒட்டி, கெட்டியான மயிர் பிரஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்க வேண்டும். அரை ஈரத்தில் மைப்பொதியால் ஒற்ற வேண்டும். மேடு கருப்பாகும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். காய்ந்ததும் உரித்தால் கல்வெட்டு தாளில் வந்துவிடும். காற்று அடித்தால் எல்லாம் வீண். விடியற்காலையில் எடுப்பதே நல்லது. பயிற்சி உள்ளவரோடு சேர்ந்து மட்டுமே செய்யுங்கள்.

என்ன இருக்கும் என்றா கேட்டீர்கள்? தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் வெட்டச் சொன்ன ஒரு நீண்ட கல்வெட்டில் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடிப் பாடிய பெண்களின், பெயர்கள் இருக்கின்றன. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், இப்போது எந்தத் தெருவில் எந்தச் சிறகில் (பக்க வரிசையில்) எத்தனையாவது வீடு என்று வரிசையாக. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் (அந்தக் கால முகத்தலளவை) நெல். ஆயிரம் ஆண்டுக்கு முன் ஆடிப் பாடிய ஒரு பெண்ணின் வீட்டு வாசலை நாம் இன்றும் எண்ணிப் போய்ச் சேரலாம். அரசர்களின் பெருமை மட்டும்தான் கல்வெட்டு என்று நினைப்பவர்களை அந்தச் சுவர் முன்னால் ஒரு மணி நேரம் நிறுத்திவைக்க வேண்டும்.

கல்வெட்டில் கி.பி. ஆண்டு இருக்காது. 'மதுரை கொண்ட கோப்பரகேசரி'க்கு யாண்டு 12, அதாவது ஆட்சியின் 12-ஆம் ஆண்டு, என்றிருந்தால், அவன் முதலாம் பராந்தகன். ஆட்சிக்கு வந்தது 907. எனவே 919. உத்திரமேரூரின் குடவோலைக் கல்வெட்டுகளில் முதலாவதன் காலம் அப்படி வந்ததுதான். கிழமை, திதி, நட்சத்திரம் மூன்றும் சேர்ந்து கொடுத்திருந்தால் பஞ்சாங்கக் கணிதம் போட்டு நாளையே பிடித்துவிடலாம். உங்கள் கோயிலில் முதலில் எல்லாச் சுவரையும் போட்டோ எடுங்கள், எந்தச் சுவர் எந்தத் திசை என்று எழுதி வையுங்கள். கல்லைப் பிரித்துத் திரும்பக் கட்டும்போது மாற்றி அடுக்கிவிடுகிறார்கள். வாக்கியத்தின் பாதி கருவறையிலும் பாதி மடப்பள்ளியிலும் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சங்கப் பாடல்களை வரலாற்றுச் சான்றாக எடுத்துக்கொள்ளலாமா? அது கற்பனைதானே?
– தமிழாசிரியர், கரூர்

கரூரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. பக்கத்தில் புகழூர் ஆறுநாட்டார் மலைக்குப் போயிருப்பீர்கள். அங்கே குகைக்கு மேல் ஒரு தமிழிக் கல்வெட்டு இருக்கிறது. செங்காயபன் என்ற சமணத் துறவி தங்குவதற்காக, செல்லிரும்பொறை மகன் பெருங்கடுங்கோன் மகன் இளங்கடுங்கோ இளவரசனானபோது அறுத்துக் கொடுத்த கல் என்கிறது. தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறை. இவர்கள் பதிற்றுப்பத்து பாடும் சேரர்கள் என்று 1965-இல் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அடையாளம் காட்டினார். அதுவரை பாட்டில் மட்டும் இருந்த அரசர்களுக்கு அன்றைக்குக் கல்லில் சாட்சி கிடைத்தது.

சேரர் துறைமுகமான முசிறிக்கு யவனர் (கிரேக்க, ரோமானிய வணிகர்) பொன்னோடு வந்து மிளகோடு போவதாக அகநானூறு 149 சொல்கிறது. எகிப்தில் செங்கடல் கரையிலுள்ள பெரனிகே துறைமுகத்தில் ஒரு கோயில் முற்றத்தில் இந்தியச் சாடி ஒன்று புதைந்து கிடந்தது. அதற்குள் ஏழரைக் கிலோ மிளகு. பாட்டு சொன்ன மிளகு வணிகத்துக்கு மண் தரும் சாட்சி.

புலவர் புரவலரைப் பெரிதாகத்தான் பாடுவார். யானைப் படையின் எண்ணிக்கையைப் பாட்டிலிருந்து எடுக்க மாட்டேன். ஆனால் பாடுகிறபோது போகிறபோக்கில் விழும் செய்திகளை முழுக்க நம்புவேன். புறநானூறு 256-இல் ஒரு பெண் குயவனைக் கூப்பிடுகிறாள். வண்டியின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டு வரும் சிறு பல்லிபோல, இறந்துபோன தன் கணவனோடு பல வழி கடந்து வந்தவள். எனக்கும் இடம் இருக்கும்படி ஈமத்தாழியை அகலமாக வனை என்கிறாள். அந்தப் பாட்டை எத்தனையோ முறை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஒரு கோடையில் குழிக்குள் இறங்கி, மூன்றடிக்கு மேல் உயரமான தாழி ஒன்றின் வாயை என் முழங்கையால் அளந்தபோதுதான் அவள் கேட்டது எவ்வளவு பெரிய கேட்பு என்று உறைத்தது. தாழியின் வாய் குறுகல். இருவருக்கான தாழியைச் சூளையில் விரிசல் இல்லாமல் சுட்டு எடுப்பது லேசான காரியமே இல்லை.

தொல்லியல் படிக்க என்ன செய்ய வேண்டும்?
– பிளஸ் டூ மாணவி, செங்கோட்டை

எந்தப் பட்டமும் முடித்துவிட்டு வரலாம். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் துறைகள் இருக்கின்றன, மாநிலத் தொல்லியல் துறையின் பட்டயப் படிப்பும் இருக்கிறது. வேதியியல், தாவரவியல், நிலவியல் படித்தவர்கள் இப்போது மிகவும் தேவை. இன்றிலிருந்தே உங்கள் தெருவின் படம் ஒன்றை அளவோடு வரைந்து பழகுங்கள்.

குழிக்குள் பெண்கள் வேலை செய்கிறார்களா? அவர்களுக்கு என்ன தெரியும்?
– வாசகி, மணப்பாறை

என்ன தெரியும் என்று கேட்டீர்களே, அம்மா, சொல்கிறேன்.

அகழாய்வில் மண் அள்ளுவது, சலிப்பது, ஓடு கழுவுவது எல்லாம் பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள்தான். வைகைப் பக்கம் ஒரு இடத்தில் எங்கள் குழியில் நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் இருந்தார். நாங்கள் நிறம் மாறுகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருப்போம். அவர் கரண்டியை நிறுத்திவிட்டு, 'சத்தம் மாறுதும்மா, கீழ தரை இருக்கு' என்பார். இரண்டு விரற்கடை இறங்கினால் தட்டிக் கெட்டிப்படுத்திய களிமண் தரை இருக்கும். ஒருமுறைகூட அவர் சொன்னது தப்பவில்லை.

அப்படிக் கிடைத்த தரை ஒன்றில் கம்பு நட்ட குழிகள் வரிசையாக, வட்டமாகக் கருத்துத் தெரிந்தன. வீடு என்று புரிந்தது, வாசல் எந்தப் பக்கம் என்று புரியவில்லை. எங்களுக்குள் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவர் ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து தரையின் ஓரத்தில் கொஞ்சமாகச் சாய்க்கலாமா என்று கேட்டார். குழிப் பொறுப்பாளர் வேண்டாம் என்று சொல்லி, நீர்மட்டக் குழாய் வைத்து அளக்கச் சொன்னார். தரை வடகிழக்கு மூலைக்கு லேசாகச் சரிந்திருந்தது. 'வீடு கழுவுனா தண்ணி வாசப்பக்கந்தானே போகணும், எங்க வீட்டுலயும் அப்படித்தான் போட்டிருக்கோம்' என்றார். அந்த மூலையில் பக்கத்துக் குழியைத் திறந்தோம். தேய்ந்த வாசற்படிக் கல் அங்கே கிடந்தது.